இரண்டு உரிமங்களில் சின்னது

உத்திரமேரூர் பிரவுசிங் சென்டரில் நானும் என் நண்பனும் தமிழில் தட்டச்சு செய்ய ஒரு சின்ன மென்பொருள் எழுதினோம். அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க, மற்றவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் இரண்டு உரிமங்களில், சின்னதா பெரியதா, எதைப் போடுவது என்று பேச்சு வந்தது.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றான் அவன். “யாரு வேணா எடுத்துக்கினு போயி மாத்தலாம், விக்கலாம். நம்ம பேரு மட்டும் கூடவே இருக்கணும். பெருசுல, நம்ம பேர சொல்லி விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு வேற கீது.”

“நம்ம பேர சொன்னா எவன் வாங்குவான்?” என்றேன்.

சிரித்துக்கொண்டே சின்னதைப் போட்டான்.

அடுத்த வருடம் அவன் துபாய்க்குப் போனான். போன் நம்பர் மாறியது, பேச்சும் நின்றது. சில வருடங்கள் கழித்து, என் சென்னை ஆபீசில் வாங்கிய ஒரு மென்பொருளின் உரிமப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும் அருகருகே இருந்தன. அவனுடைய பழைய மின்னஞ்சலுக்கு உடனே எழுதினேன். அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.