வாசப்படிக் கொழுக்கட்டை

நாலு வயதில் என் மகள் வாசப்படி தாண்டினாள். யாரும் கைபிடிக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தாள், கொஞ்சம் யோசித்தாள், மறுகாலையும் எடுத்து வைத்தாள். என் மனைவி அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து நின்று அழுதாள். நான் செம்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டேன்.

காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் குழந்தை முதன்முதலாக வாசப்படி தாண்டினால் கொழுக்கட்டை அவிப்போம். வெல்லமும் தேங்காயும் சேர்த்துக் கையால் பிடித்த கொழுக்கட்டை. படியில் நாலைந்து வைத்துவிட்டு மற்றதைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அவிக்க வேண்டியவள் அத்தை. அதை எந்த அத்தையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் முடிந்துபோகிற காரியம்தான். என் மகளுக்குப் பிறப்பிலேயே கால் பலம் குறைவு. ஆஸ்பத்திரி, பயிற்சி, பட்டை வைத்த பூட்ஸ் என்று அலைந்து, அவளும் விழுந்து எழுந்து, இப்போதுதான் தாண்டியிருக்கிறாள். என்னைக் கேட்டால் ஒரு இட்லிக் கொப்பரை போதாது, அண்டாவிலேயே அவிக்க வேண்டும்.

அக்கா சந்தோஷம் என்றாள். கொழுக்கட்டை எப்போது என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். இப்போது வேண்டாம் என்றாள். அவள் மகளுக்கு எரியோட்டில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள், அது எனக்கும் தெரியும். அதற்கும் இதற்கும் என்ன?

"பேச்சு கூடி வர்ற நேரம்ப்பா. நம்ம குடும்பத்துல இப்படி ஒரு புள்ள இருக்குன்னு அவுக காதுல விழுந்தா நல்லாவா இருக்கும்? நிச்சயம் முடியட்டும், அப்புறம் ஊரக் கூட்டிச் செய்வோம்."

இப்படி ஒரு பிள்ளை. இப்படி என்றால் எப்படி? என் மகள் சிரிப்பாள், கோபித்துக்கொள்வாள், கருவாட்டு வாசம் வந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக உட்காருவாள். இதில் எது எரியோட்டுக்காரர்களுக்கு ஆகாது?

"அவ நிச்சயம் வரைக்கும் காத்திருக்கலையேக்கா. இன்னைக்கே தாண்டிட்டா" என்றேன்.

அக்காவுடைய மூத்த மகன் படி தாண்டியபோது எங்கள் அம்மா உயிரோடு இருந்தார். பையனுக்கு அத்தை என்று யாரும் இல்லாததால் அம்மாவே அவித்தார். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிக் கொடுத்து விரலை அறுத்துக்கொண்டவன் நான். தூக்குவாளியோடு அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியவனும் நான்தான். அந்தப் பயல் தாண்டினான் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். படியிலிருந்து உருண்டு விழுந்தான். அதற்கே தெரு முழுக்கக் கொழுக்கட்டை.

மறுநாள் கோபத்தை விழுங்கிக்கொண்டு, பக்குவத்தையாவது சொல் என்று கேட்டேன். அம்மாவிடம் கற்றவள் அவள் ஒருத்திதான். "எல்லாம் கண்ணளவுதான்ப்பா" என்று நழுவிவிட்டாள். எனக்கும் கண் இருக்கிறது, அளவுதான் இல்லை.

என் மனைவிக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். அங்கே அவள் வீட்டில் இந்த வழக்கமே கிடையாது. ஆகவே நானே இறங்கினேன். பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கடை மாவில் ஆறிய வெல்லப்பாகை ஊற்றிப் பிசைந்தேன். ஆவியில் வைத்ததும் ஒவ்வொன்றும் பாளம் பாளமாக வெடித்தது. ஆறிய பிறகு பார்த்தால், ஒர்க்‌ஷாப்பில் போல்ட்டுக்குப் பதிலாக மாட்டலாம். மனைவி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பச்சரிசியை ஊறப்போட்டு, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் மில்லில் அரைத்து வந்தேன். மாவை லேசாக வறுத்தோம். பாகு தளதளவென்று கொதிக்கும்போது முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் மணத்தது, ஆனால் அம்மாவின் அடுப்படி மணம் இல்லை. அது மூக்கில் ஏறிச் சுருக்கென்று இருக்கும். சுக்கு! தட்டிப் போட்டதும் வந்துவிட்டது. கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் பிடித்தோம். வெந்து வந்ததை வாயில் போட்டால் அசல் அம்மாவுடையதுதான். யார் உதவியும் இல்லாமல் செய்துவிட்டோம் என்கிற திமிர் எனக்கு அன்று முழுக்க இருந்தது.

படியில் வைத்தோம். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா என்ன விசேஷம் என்று கேட்டார். மகளைப் பற்றி யார் எது கேட்டாலும் ஒன்றுமில்லை என்று சொல்லியே பழகிப்போனவள் என் மனைவி. அன்று தலை நிமிர்ந்து சொன்னாள்.

"எம் பொண்ணு வாசப்படி தாண்டிட்டாளுங்க."

யாரும் சிரிக்கவில்லை, யாரும் வயதைக் கேட்கவில்லை. அந்தம்மா மகளின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டு, பேரனுக்கும் சேர்த்து இன்னும் ரெண்டு கொடு என்றார். இவ்வளவுதான் ஊர். இந்த ஊருக்குத்தான் என் அக்கா பயந்தாள்.

அன்று சாயங்காலமே அத்தைக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்படியொரு வழக்கம் கிடையாது. கோபம்தான். மனைவிக்கும் அது தெரியும், ஆனாலும் தடுக்கவில்லை.

"போறதுன்னா போங்க. ஆனா பாப்பாவத் தூக்கிட்டு உள்ள போகாதீங்க. அவளே நடந்து போகட்டும்."

செம்பட்டி பஸ்ஸில் மகள் மடியில், தூக்குவாளி அவள் மடியில். அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கதவைத் திறந்த அக்கா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. சீக்கிரம் உள்ளே வா என்று என்னை அவசரப்படுத்தினாள், குனிந்து பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினாள். தூக்காதே என்று குறுக்கே கை வைத்தேன். நான் சொன்ன தோரணையில் அவள் பின்வாங்கிவிட்டாள்.

மகள் நிலையைப் பிடித்தாள். எங்கள் படியைவிட இது உயரம். அக்கா வெளியே எட்டி, தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர் வீட்டுத் திண்ணையில் ஒரு நாய்கூட இல்லை.

அவள் திரும்பியபோது என் மகள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பப்பா உள்ள வந்தா?" என்றாள் அக்கா.

"நீ தெருவப் பாத்துக்கிட்டு இருந்தேல்லக்கா, அப்ப" என்றேன்.