ஜெயித்ததை யாரிடம் சொல்வது

என் அணி எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் கண் வைப்பார்கள். கடல் தாண்டி இருக்கிற அணி, சிவப்புச் சட்டை போடுகிற அணி, முப்பது வருஷமாக என் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொண்டிருக்கிற அணி. அவ்வளவு போதும்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக வந்த மனைகளில் எங்கள் வீடு இருக்கிறது. எங்கள் வீடு என்றுதான் இன்னும் கை எழுதுகிறது. மகள் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கணவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வேலை நாளில் ஆபீசும் கோப்புகளும் என்னைப் பார்த்துக்கொள்ளும். சனி, ஞாயிறுதான் ஆளைத் தின்னும். அந்த இரண்டு நாளும் மேட்ச் நாளாக அமைந்தது என் தலையெழுத்து.

கால்பந்து எனக்கு அவரால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அநியாயம்! கீழ்பென்னாத்தூரில் படித்த காலத்திலேயே நான் பள்ளிக்கூட அணியில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. இரண்டு ஜோடி பூட்ஸைப் பதினோரு பேர் மாற்றி மாற்றிப் போட்டு ஆடினோம். அவருக்கோ பந்து உருண்டை என்பது மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் சனிக்கிழமை சாயங்காலம் நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து கத்துவதைப் பார்த்து மிரண்டுபோனார். பிறகு ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உன்னை எதிர்த்து ஆடறது யாரு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்போ நான் அவங்க பக்கம்" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வாரம் ஒரு அணி. என்னோடு மோதுகிறவன் எவனோ அவன்தான் அவருடைய ஆள். பள்ளியில் வேதியியல் வாத்தியார் இல்லையா, பாடம் தயாரிக்கிற மாதிரி வெள்ளிக்கிழமையே செய்தித்தாளைப் பார்த்து எதிரணிக்காரர்களின் பெயர்களை மனப்பாடம் செய்துவிடுவார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். என் அணி கோல் போட்டால் மட்டும் எழுந்து நின்று, "ஆஃப்சைடு, ஆஃப்சைடு! ரெஃப்ரிக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்பார்.

எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. தோற்றவர் மறுநாள் காலையில் மலை சுற்ற வேண்டும். பௌர்ணமிக் கூட்டம் இல்லாத வெறும் ஞாயிற்றுக்கிழமையில், பதினாலு கிலோமீட்டர், வெறுங்காலோடு. அவர் தோற்றால் நானும் கூடவே நடப்பேன். எனக்கு என்ன கட்டாயம் என்றால், வழியெல்லாம் அவரைச் சீண்ட வேறு யார் இருக்கிறார்கள்? அவர் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னும் கும்பிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி, "சாமி, அடுத்த வாரம் இவ டீம் மண்ணைக் கவ்வணும்" என்று வேண்டிக்கொள்வார். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அவர் போன பிறகு நடந்த மேட்சுகளில் என் அணி பெரும்பாலும் தோற்றது, இல்லையென்றால் டிரா ஆனது. அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தோல்வியை ஒரு ஆள் தனியாகச் சமாளித்துவிடலாம். டி.வி.யை அணைத்துவிட்டு, ரசத்தை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு, போர்த்திக்கொண்டு படுத்தால் ஆயிற்று. சில சமயம் நாலு ஐந்து கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அதிலும் பிரச்சினை இல்லை, பாதியிலேயே மனசு ஆறிவிடும். போன மாதம் ஒரு சனிக்கிழமைதான் வகையாக மாட்டிக்கொண்டேன்.

அங்கே மதிய ஆட்டம், நமக்குச் சாயங்காலம் ஐந்து மணி. முதல் பாதியில் எங்கள் ஆள் ஒரு கோல் போட்டான். இடைவேளை முடிந்ததும் எங்கள் கோல்கீப்பர் மகராசன் பந்தை எதிரியின் காலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். ஒன்றுக்கு ஒன்று. அதற்குப் பிறகு எங்கள் பையன்கள் ஓடின ஓட்டத்தைப் பார்த்தால் பென்ஷன் வாங்கப் போகிறவர்கள் தேவலாம். எண்பத்தொன்பதாவது நிமிஷம் ஒரு கார்னர். எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன், பனைமர உயரம் இருப்பான், எகிறித் தலையால் முட்டினான். பந்து உள்ளே.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. கத்திக்கொண்டே இடது பக்கம் திரும்பினேன். அவர் உட்காருகிற நாற்காலியில் துவைத்து எடுத்து வைத்த துணிகள் மடிக்காமல் கிடந்தன.

கோலுக்கு அப்புறம் ஏழு நிமிஷம் கூடுதல் நேரம் கொடுத்தான் பாவி ரெஃப்ரி. அந்த ஏழு நிமிஷமும் நான் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு பந்து எங்கள் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. முருகா, இது மட்டும் தாங்கினால் இன்றைக்கே வந்து உனக்கு ஒரு அர்ச்சனை செய்கிறேன் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். தாங்கியது. விசில் அடித்தான். இரண்டுக்கு ஒன்று.

மைதானத்தில் இருந்த அத்தனை ஆயிரம் பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவன் முதுகில் ஏறிக் குதிக்கிறான் ஒரு கிழவன். எனக்கு எரிச்சலாக வந்தது. ஜெயித்தது நான், இங்கே நான் மட்டும் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும், ஆனால் அந்த ஆளுக்கு அது உறைக்க வேண்டும்.

கதவைத் தட்டினாள் மாடி வீட்டுப் பெண். என் கூச்சலைக் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். "என்னாக்கா ஆச்சு? கீழ எங்கயாவது விழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா, ஜெயிச்சுட்டோம்!"

"இன்னிக்கு இந்தியா மேட்ச்சா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"கிரிக்கெட் இல்லம்மா, ஃபுட்பால். கடைசி நிமிஷத்துல..."

"ஓ" என்றாள். நல்ல பெண், பாவம், சிரிக்க முயற்சி செய்தாள். "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேங்க்கா. பிரஷர் ஜாஸ்தி ஆயிடப் போவுது, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகளுக்குப் போன் போட்டேன். பின்னால் கடைத்தெருச் சத்தம் கேட்டது. ஜெயித்ததைச் சொன்னேன். "சூப்பர்மா" என்றாள். பனைமர உயரக்காரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "சூப்பர்மா, சாப்ட்டியா?" என்றாள். அவள் மேல் குற்றம் இல்லை. அவள் நான் நல்லபடியாக இருக்கிறேனா என்று கேட்கிறாள். எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை. "அது கோலே இல்ல, ஆஃப்சைடு" என்று யாராவது என் வயிற்றெரிச்சலைக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான்.

வேண்டுதல் இருந்ததால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோக்காரரிடம்கூடச் சொல்லிப் பார்த்தேன். "அப்படீங்களா, ராஜகோபுரம்கிட்ட வண்டி விட மாட்டாங்க, தேரடியில எறங்கிக்கிறீங்களா?" என்றார்.

பெரிய கோயிலில் நுழைந்ததும் வருகிற முருகன் சந்நிதிதான் எங்களுக்குப் பழக்கம். மாதாமாதம் கிருத்திகை அன்று இரண்டு பேரும் வந்து அர்ச்சனை செய்துவிட்டுப் போவோம். அவர் இறந்த பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. வருஷத் திதி முடிந்தும் மனசு வரவில்லை. தட்டும் சீட்டும் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றபோது யார் பெயருக்கு அர்ச்சனை செய்வது என்று யோசித்தேன். அணிக்கு ஏது நட்சத்திரம்? சாமி பேருக்கே செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சந்நிதியில் அதே பழைய குருக்கள். தட்டை வாங்கிக்கொண்டார். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோம்மா."

சாமி பேருக்கே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அவர் பெயர். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே "கிருத்திகை நட்சத்திரம்" என்பதும் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் அதையே சொல்லிப் பழகிய வாய்.

அர்ச்சனை என்பது உயிரோடு இருக்கிறவர்களுக்கு. போனவர்களுக்குத் திதி உண்டு, மோட்ச தீபம் உண்டு, அர்ச்சனை கிடையாது. குருக்கள் அதற்குள் உள்ளே திரும்பி ஆரம்பித்துவிட்டார். அவர் பெயரையும் நட்சத்திரத்தையும் கணீரென்று சொல்லி, அவருக்காக வேண்டினார். சமஸ்கிருதத்தில் எனக்குப் பிடிபடுகிற சொற்கள் இரண்டே இரண்டு, ஆயுள், ஆரோக்கியம். இரண்டும் காதில் விழுந்தன. நிறுத்துங்கள் சாமி என்று சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்வானேன், எனக்கு நிறுத்த மனசு இல்லை. அவர் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது.

தீபாராதனை காட்டிவிட்டுத் தட்டோடு வந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். "ரொம்ப நாளா காணோமே? எப்பவும் ரெண்டு பேரும் சேர்ந்துதானே வருவேள். சார் வரலையா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"வீட்ல இருக்காருங்க சாமி" என்றேன். "அவரு டீம் தோத்துப்போச்சு. ஃபுட்பாலு. எங்க டீம் கடைசி நிமிஷத்துல கோல் போட்டுச்சு, ரெண்டுக்கு ஒண்ணு. அதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. கோவிலுக்கு வாங்கன்னா வரமாட்டேன்றாரு."

குருக்கள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அடடா! ஜெயிச்சது நீங்களா? சாருக்குக் கோவம் வராதா பின்னே?"

"கோவம்னா கோவம், அப்படியொரு கோவம். அது கோலே இல்லன்னு ஒரே சண்டை. ரெண்டு நாளைக்கு என்கிட்ட பேசமாட்டாரு பாருங்க."

நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற அம்மாள்கூடச் சிரித்தாள்.

குருக்கள் எனக்கு விபூதி கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அள்ளிக் காகிதத்தில் மடித்தார். "இதை அவர் நெத்தியிலே இட்டுவிடுங்கோ. பேசிடுவார். உங்ககிட்ட பேசாம எங்கே போயிடப்போறார்?"

"ஆமாங்க சாமி" என்று சொல்லி அதையும் வாங்கிக்கொண்டேன்.