அடுப்பு முன்னாடி மட்டும் வரும் வலி

என் வீட்டுக்காரருக்கு வலின்னா நம்ப ஆள் கிடையாது. அந்தப் பாழாப்போன வலி பேக்கரியில மட்டும்தான் வரும். கடை அவங்க அண்ணனோடது. அவரை நாங்க பெரியவர்னு சொல்வோம். இவருக்கு அங்க அடுப்பு வேலை, தட்டுத் தட்டா ரொட்டி வேகவச்சு எடுக்கணும். சூட்டுல நாக்கு வறண்டு பாட்டில் பாட்டிலா தண்ணி குடிப்பார். கொஞ்ச நேரத்துல இடது விலாவுக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு மாவு மூட்டை மேல சுருண்டுடுவார். வாந்தி வேற.

"வேலைன்னா வலி, லீவுன்னா சுகமா?"ன்னு பெரியவர் நக்கலடிப்பார்.

ஸ்கேன் எடுக்காம இல்ல. லீவு நாள்ல போவார், வெறும் வயித்துல, சொட்டுத் தண்ணி குடிக்காம. குடிச்சா வலிக்குமோன்னு பயம். அப்பல்லாம் கிட்னியில வீக்கம் எதுவும் தெரியாது. "டாக்டரே ஒண்ணுமில்லைன்னுட்டார்"னு பெரியவர் கடை முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும். இவர் மறுபடி அடுப்பு முன்னாடி போய் நின்னுடுவார். ஒருநாள் என்கிட்டயே கேட்டார், "நிஜமாவே நான் நடிக்கிறேனோ?"

புதுசா வந்த லேடி டாக்டர்தான், வலி வர்றப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்கன்னு கேட்டாங்க. இவர் சொன்னதும் அங்கேயே தண்ணி குடிக்க வச்சு, சிறுநீர் அதிகமா வர ஊசியும் போட்டு, வலி வந்த நேரம் ஸ்கேன் பண்ணினாங்க. கிட்னி பலூன் மாதிரி உப்பியிருந்துச்சு. அப்புறம் வேற ஸ்கேன்ல காரணமும் தெரிஞ்சுது. பிறந்ததிலிருந்தே ஒரு ரத்தக்குழாய், சிறுநீர் இறங்குற குழாய்க்குக் குறுக்கே போகுதாம். சிறுநீர் பெருகினா குழாய் அது மேல மடங்கி அடைச்சுக்குமாம்.

"ரத்தக்குழாயை வெட்ட முடியாது. கிட்னியில ஒரு பகுதி அதை நம்பித்தான் இருக்கு. சிறுநீர்க்குழாயை வெட்டி, ரத்தக்குழாய்க்கு முன்பக்கமா கொண்டுவந்து தைக்கணும்"னாங்க. அந்தக் கிட்னி பாதி கெட்டுப்போச்சாம். மிச்சத்தைக் காப்பாத்தலாமாம். முன்னாடியே வந்திருக்கலாமேன்னு வேற கேட்டாங்க. வராமலா இருந்தோம்?

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் பெரியவர் வந்தார். கட்டில் ஓரமா உக்காந்து, தம்பி காலைப் பிடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

"இவ்வளவு வலின்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடா?"

எனக்கு வந்த ஆத்திரத்துல எழுந்தே நின்னுட்டேன். இவர் என் கையை இறுக்கிப் பிடிச்சார்.

"சொல்லியிருக்கணும்ண்ணே. தப்பு என் மேலதான்."