அவர் வந்தால் அடங்கும் இரைச்சல்

மாடி வீட்டுக்காரியை அந்தக் கட்டடமே ‘டைப் அக்கா’ என்றுதான் கூப்பிடும். வழக்கு விசாரணைகளின் ஒலிப்பதிவை ஹெட்போனில் கேட்டு, ஒரு சொல் விடாமல் கணினியில் அடித்துக் கொடுப்பது வேலை. பதினோரு வருடம். சாட்சி எச்சில் விழுங்குவதுகூட அவளுக்குத் தப்பாது.

மேஜையை ஜன்னலோரம் மாற்றிய மாதம், அந்தக் காதுக்குள் ஓர் இரைச்சல் புகுந்துகொண்டது. பதிவு ஓடாதபோதும் அடைபட்ட ஈ போல ஒரு ரீங்காரம். புது ஹெட்போன் வாங்கினாள். அதிலும் அதே ஈ.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜையடியில் மண்டியிட்டு, சிபியுவின் தகரத்தில் ஒரு கையை ஊன்றியபடி ஹெட்போனைக் காதில் வைத்தார். சத்தமே இல்லை. ஊன்றிய கை ஊன்றியபடியே அதை அவளிடம் நீட்டினார். அவளுக்கும் கேட்கவில்லை. அவர் படியிறங்கியதும் ஈ திரும்பிவிட்டது. மறுவாரமும் அதே கூத்து. மூன்றாம் முறை அவர் தயங்கினார்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மெஷின்ல ஒண்ணுமில்ல. எதுக்கும் காதைக் காட்டிடுங்க.”

“உன் ஈக்கு அவரைக் கண்டா பயம்,” என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அண்ணனுக்கு இப்படி இரைச்சலில் தொடங்கித்தான் காது போனது.

காது டாக்டரோ இரண்டு காதும் சுத்தம் என்றுவிட்டார். பெட்டியிலும் இல்லை, காதிலும் இல்லையென்றால் ஈ எங்கேதான் உட்கார்ந்திருக்கிறது? தலைக்குள்ளா? யாரிடம் கேட்பாள்? அதற்குள் விட்டுப்போன சொற்களுக்காக இரண்டு வழக்குகள் திரும்பி வந்தன. வேலையை விடுவதாகக் கடிதம் அடித்தாள். அனுப்பும் பொத்தானுக்கு விரல் போகும்போது மூக்குக்கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது. ஹெட்போனோடு குனிந்து, தரையில் முழங்கால் போட்டு, சிபியுவில் கையை ஊன்றினாள்.

அமைதி.

கையை எடுத்தாள். ஈ. வைத்தாள். அமைதி. பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்று கணவரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, இதுல கை வைங்க. எடுங்க. மறுபடி வைங்க.”

“என்ன விளையாட்டு இது? லேசா சுருசுருங்குதே,” என்றவர் வயரைப் பிடித்துக்கொண்டே பிளக் வரைக்கும் போனார். அங்கே முகம் மாறியது. மேஜையை மாற்றியபோது எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டே ஓட்டை. பிளக்கின் பருத்த மூன்றாவது முள்ளை அவர்தான் வெட்டியிருந்தார்.

“அது சும்மா பிடிப்புக்குன்னு நெனச்சேன்.”

ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டாள். அது எர்த் முள்ளாம். கசிகிற கரண்டு தரைக்கு இறங்க வழியில்லாமல் ஹெட்போனில் இரைந்திருக்கிறது.

“அப்ப மூணு தடவையும் நான்தான்க்கா எர்த்தா இருந்திருக்கேன்.”

அன்று மாலையே முழுப் பிளக்கோடு வேறு வயர் வந்தது, மூன்று ஓட்டைப் பெட்டியும். கடிதத்தை அழித்துவிட்டுப் பாதியில் நின்ற விசாரணையை ஓடவிட்டாள். துல்லியமான மௌனம். அந்த மௌனத்துக்குள் சாட்சி எச்சில் விழுங்கினார். அதை எழுதுவதா விடுவதா என்று, பதினோரு வருடமாக நடப்பதுபோலவே, அவளுக்குக் குழப்பமாக இருந்தது.