ரோஸியோடு பிறந்தது

சவரியம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கப் போவாள். மூன்று வருஷமாக இதுதான் நடப்பு. முழங்கால் இரண்டும் விட்டுப்போயிருந்தன. வீட்டில் வளர்த்த கிடாரி ரோஸி ஒரு கன்று ஈன்று பால் கறந்துவிட்டால் கொழுந்தெடுக்க மலையேறுவதை நிறுத்திவிடலாம் என்ற ஒரே நினைப்பில்தான் அந்த உடம்பு நடமாடியது.

ரோஸியோ பருவத்துக்கே வரவில்லை. மற்றக் கிடாரிகள் இந்த வயதில் கத்துகிற கத்தலில் லயத்து வரிசை வீடுகளே எழுந்துவிடும். இது தின்றுவிட்டுச் சிவனே என்று படுத்திருந்தது. சினை ஊசி போடுகிற ஜிப்ரி ரத்தோட்டையிலிருந்து இரண்டு முறை வந்து தாது உப்பு கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் முறை கையுறை மாட்டி உள்ளே சோதித்தார். கையை உருவிக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“அக்கா, மொதல் தடவையே கேட்டேன். இதுகூட வேற கன்னு பொறந்திச்சா?”

அன்றைக்கு அவள், “இல்ல தம்பி, ஒத்தைக் கன்னுதான்” என்று கூசாமல் சொல்லியிருந்தாள். ஊருக்கெல்லாம் சொன்ன பொய்தான் அது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கெத்தரினின் கண் பட்டால் பச்சை மரமும் பட்டுப்போகும் என்று லயத்தில் பேச்சு. இரட்டைக் கன்றை அவள் பார்த்தால் என்ன ஆகும்? புருஷன் மைக்கல் காளைக்கன்றைச் சாக்கில் பொதிந்து, விடியுமுன்னே உக்குவளையில் இருந்த தன் தங்கச்சி வீட்டில் விட்டு வந்தார். மறுவருஷம் தாய்ப்பசு செத்தது. பின்னாலேயே மைக்கலும் போய்ச் சேர்ந்தார். பொய் மட்டும் இவளிடம் தங்கிவிட்டது.

“ரெண்டு தம்பி. கூட ஒரு காளை.”

ஜிப்ரி கையுறையைக் கழற்றினார். “காளையோட ஒரே வயித்துல கெடந்தா ரெண்டு ரத்தமும் கலந்திரும் அக்கா. இதுக்குக் கருப்பை வளரவே இல்ல, விரல் நீளந்தான். நூத்துக்குத் தொண்ணூறு இப்படித்தான் ஆகும்.”

“மருந்து?”

“ஒண்ணும் செய்ய ஏலாது.”

அவர் போனபின் சவரியம்மா புல்லுக்கட்டின்மேலேயே உட்கார்ந்தாள். ரோஸி அதிலிருந்து ஒரு வாய் இழுத்துத் தின்றது. அதன்மேல் கோபம் வரவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்றுதான் அழுகை வந்தது.

கெத்தரின் கழுநீர் வாளியோடு வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் தினமும் கொண்டுவருகிறவள்.

“என்னாக்கா, ஜிப்ரி என்ன சொன்னாரு?”

இனிக் கண் பட என்ன இருக்கிறது? “இது சினை புடிக்காது. ரெட்டையா பொறந்திச்சு கெத்தரின். ஒன் கண்ணுக்குப் பயந்து ஒண்ண ஒளிச்சிட்டேன்.”

கெத்தரினின் முகம் சுருங்கிவிட்டது. வாளியைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. எங்க அப்பா மாடும் இப்படித்தான் ரெட்டை போட்டிச்சு. கிடாரி ஒதவாதுன்னு அப்பவே வித்துட்டாரு.”

ரோஸி வாளிக்குள் தலையை விட்டு உறிஞ்சிக் குடித்தது. சவரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாளைக்கும் மலையேற வேண்டும்.