வெறும் வயிறும் ஒரு கிளாஸ் தேத்தண்ணியும்

என் தைராய்டு ரிப்போர்ட்டுகள் என்னைப் படுத்திய பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வந்ததெல்லாம் கோபமும் அழுகையும்தான். ரத்தம் பார்க்கிற அந்த மெஷினைத் தூக்கிப் போட்டு உடைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஒரு தடவை எண் ஏகத்துக்கு ஏறியிருக்கும், டொக்டர் மாத்திரையைக் கூட்டுவார். அடுத்த தடவை அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், குறைப்பார். மறுபடி ஏறும்.

இதில் இன்னொரு கூத்து, எண் ஏறினால் மருந்து போதவில்லை, இறங்கினால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்குப் பிடிபடவே நாளாயிற்று.

"நம்பர் ஒரே மாதிரி நிக்கட்டும்மா. அப்புறம் பிள்ளைக்கு யோசிக்கலாம்," என்று டொக்டர் சொல்லியிருந்தார். சிங்களவர், ஆனால் பொறுமையாகத் தமிழில் பேசுவார். அவர் சொன்ன அந்த 'அப்புறம்' வருடக்கணக்கில் வராமலே இருந்தது. எனக்கு வேலையோ எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளுக்குப் பால் கொடுத்து, குளிப்பாட்டி, தூங்க வைப்பேன். சாயங்காலம் எல்லாரையும் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வருவேன். அந்த நேரம்தான் எனக்குப் பிடிக்காத நேரம்.

கணவர் கொழும்பில் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்தது கிடைக்கும்வரை இரண்டு மூன்று மாதம் வீட்டோடு இருப்பார். அவர் போனால் எனக்குப் படபடப்பு, வந்தால் சோர்வு. பக்கத்து வீட்டுக் காம்பரா அக்கா சும்மா இருப்பாரா?

"ஒனக்கு தைராய்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. புருசன் போனா ஏக்கம், வந்தா மெதப்பு!"

லயமே சிரித்தது. நானும் சிரித்தேன், உள்ளே எரிந்துகொண்டு.

அந்த முறை அவர் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போனோம். தைராய்டோடு ரத்தத்தில் சீனியும் பார்க்க வேண்டும், வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார் டொக்டர். பஸ் பிடித்துப் போய், நீண்ட வரிசையில் நின்று, ஒருவழியாக என் முறை வந்தது. ஊசியைக் கையில் எடுத்த நர்ஸ் மிஸ் கேட்டார்:

"ஏதாவது சாப்பிட்டாச்சா?"

"இல்லீங்க மிஸ், வாயில ஒண்ணும் வைக்கல."

"தே பிவ்வாத?" தேத்தண்ணி குடித்தாயா என்று சிங்களத்தில் ஒரு கேள்வி, சும்மா கேட்டுவைப்பதுபோல.

"அது குடிச்சேன்."

மிஸ் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப எப்படிம்மா வெறும் வயிறு?"

என் கணவருக்கு நியாயம் பேசாமல் இருக்க முடியாது. "தேத்தண்ணிதானே மிஸ்! அது சாப்பாடு இல்லியே!"

வரிசையில் நின்ற தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அவர் பக்கம். "ஆமா, தேத்தண்ணிதானே," என்று பின்னாலிருந்து பல குரல்கள். மிஸ் எழுந்து வரிசையைப் பார்த்துக் கேட்டார், காலையில் தேத்தண்ணி குடித்தவர்கள் யார் யார் என்று. முக்கால்வாசிக் கை மேலே போனது. அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான். மூன்று கிளாஸ் தேத்தண்ணி உள்ளே போயிருந்தாலும் "பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல" என்போம், அதில் பொய் சொல்கிற உணர்வே இருக்காது. தேயிலைக்குள் பிறந்து தேயிலைக்குள் வளர்ந்தவர்களுக்குத் தேத்தண்ணி எப்படிக் கணக்கில் வரும்?

நாளை வா என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. மாத்திரையையும் வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்! டொக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார், நானும் ஒவ்வொரு முறையும் ஆமாம் என்பேன்.

கணவர் கொழும்பில் இருக்கும்போது விடியக்காலையில் எனக்கு அடுப்பு மூட்ட நேரமிருக்காது. பிளாஸ்கில் இருக்கிற சுடுதண்ணியில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவேன், முதல் தேத்தண்ணி பிள்ளைக் காம்பராவில்தான். அவர் வீட்டில் இருந்தால் கதையே வேறு. எனக்கு முன்னால் எழுந்து, பால்மாவை அள்ளிப் போட்டு, சாயம் ஏற ஏறத் தேத்தண்ணி ஊற்றி, மாத்திரையோடு கொண்டுவந்து நீட்டுவார். "இந்தா புள்ள, குடிச்சிட்டுப் படு." எத்தனை வீட்டில் ஆண்பிள்ளை இதைச் செய்வான்? எனக்கு அதில் அத்தனை பெருமை.

பெஞ்சில் இருந்து துள்ளி எழுந்தேன். "ஏங்க! நீங்கதாங்க! நீங்கதான் காரணம்!"

"நான் என்ன செஞ்சேன்?" மனுஷன் பயந்தே போனார்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டொக்டரின் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். டொக்டர் பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காட்டி, அப்போது என் கணவர் ஊரில் இருந்தாரா என்று கேட்டார். ஏறிய தடவையெல்லாம் இருந்தார், இறங்கிய தடவையெல்லாம் இல்லை. தேயிலையும் பாலும் மருந்தை உடம்பில் சேரவிடாது என்று விளக்கினார். அதனால் எண் ஏறியிருக்கிறது, டொக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். கணவர் கொழும்புக்குப் போனதும் கூட்டிய மருந்து முழுதாகச் சேர்ந்து, எண் விழுந்திருக்கிறது.

"நானும் தேத்தண்ணியக் கேக்கவே இல்லியே," என்று டொக்டர் சிரித்தார். தண்ணீரில் மட்டும் போடு, ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி, ஒன்றரை மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கணவர் விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார். டிக்கோயா தாண்டியதும் மெதுவாகக் கேட்டார், "அப்ப மருந்து ஒடம்புல சேர்ந்த மாசமெல்லாம் நான் இல்ல. நான் இருந்த மாசமெல்லாம் மருந்து சேரல. அப்படித்தானே?"

நான் அதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் காலையிலிருந்து அவர் அதே கிளாஸில் சுடுதண்ணி கொண்டுவந்தார். பிறகு அந்த ஒரு மணித்தியாலமும் பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தார், தானும் தேத்தண்ணி குடிக்காமல். அந்தத் தியாகத்தின் அருமை எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும்.

ஒன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. டொக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லா இருக்கு. இனி பிள்ளைக்கு யோசிக்கலாம்."

வெளியே வந்ததும் சந்தோஷத்தில் எனக்குக் கால் நிற்கவில்லை. அவரோ போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த கட்டடத்துக்கு மறுநாளே வரச் சொல்லியிருந்தார்கள்.

"பாஸ், மன்னிச்சுக்குங்க," என்றார் என்னைப் பார்த்துக்கொண்டே. "இந்த மாசம் என்னால வர முடியாது. வீட்டுல முக்கியமான வேல ஒண்ணு இருக்கு."