பெயர் கேட்டு வாங்காத மாத்திரை

இன்று காலை தலைவலி. காமாட்சியம்மன் கோயில் பக்கத்தில் வழக்கமாகப் போகும் மெடிக்கலுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் பெண். கோயில் பார்க்க வந்தவர். தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

கடைக்கார அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு அட்டையை எடுத்தார், கத்தரியால் ஆறு மாத்திரையை வெட்டினார், கவரில் போட்டு நீட்டினார்.

"ரெண்டு வேள, சாப்ட்டதுக்கு அப்பறம்னு சொல்லும்மா" என்றார் என்னிடம். சொன்னேன்.

அந்தப் பெண் வெட்டிய துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்த பகுதி அண்ணன் கையிலேயே தங்கிவிட்டது.

"இது என்ன மருந்து? எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை மூச்சடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன்" என்றார் ஆங்கிலத்தில். அதையும் தமிழில் சொன்னேன்.

அண்ணன் மீதி அட்டையைப் பார்த்தார். சட்டென்று எட்டி, கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இது அந்த வகைதாம்மா. வேணாம். எதிர்ல டாக்டராண்ட போவச் சொல்லு."

அவர் போனதும் தலைவலி என்றேன். அண்ணன் எனக்கும் ஒரு கவரை நீட்டினார். அதிலும் வெட்டிய துண்டுதான்.

"அண்ணா, இது என்ன மாத்திரை?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இன்னாம்மா புதுசா கேக்கற? எத்தினி வருசமா இதத்தான வாங்கிக்கினு இருக்கற!"

காசைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன். இன்னும் போடவில்லை. தலைவலி அப்படியே இருக்கிறது.

வெள்ளை நிறம், வட்டம், நடுவில் ஒரு கோடு. யாருக்காவது பெயர் தெரியுமா?